களங்கமே சான்று

உரைநடை உலகம்

நுழையும்முன்

நிறத்தாலும் ஒளியாலும் மனிதரை ஈர்த்தவை மணிகள். அவற்றின் குணமும் குற்றமும் ஆராயும் அறிவு தமிழர்க்குப் பழைமையானது. அவ்வறிவு இன்று மணியியல் என்னும் அறிவியல் துறையாக வளர்ந்துள்ளது. நீலமணியின் நிறம் எவ்வாறு தோன்றுகிறது, மனிதக் கைபடாத கல்லை எவ்வாறு அறிவது, அது பிறந்த மண்ணை எவ்வாறு உணர்வது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது. குற்றம் என ஒதுக்கப்பட்ட ஒன்று உண்மைக்குச் சான்றாக மாறிய வரலாறும் இதனுள் அடங்கியுள்ளது.

மணியும் தமிழும்

'மணி' என்பது இன்று எல்லாக் கற்களுக்கும் பொதுப்பெயர். சங்க இலக்கியத்தில் அச்சொல் பல இடங்களில் நீலமணியையே சிறப்பாகக் குறிக்கிறது. தொலைவில் தோன்றும் மலையின் நிறத்திற்கும் மயிலின் கழுத்திற்கும் நீலமணியைப் புலவர்கள் உவமையாக்கினர். திருமாலை மணிவண்ணன் என அழைப்பதும் இப்பொருளிலேயே ஆகும்.

மணிகளைப் பாராட்டியதோடு தமிழர் நின்றுவிடவில்லை. அவற்றை ஆராய்ந்தும் பார்த்தனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் காணும் மதுரை வீதிகளுள் மணிகள் விற்கும் வீதியும் ஒன்று. அங்குள்ள மணிகளின் வகைகளை இளங்கோவடிகள் கூறும்போது, காகபாதம், களங்கம் முதலிய குற்றங்கள் நீங்கியமையையும் சேர்த்தே கூறுகிறார். திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலம் ஒன்பான் மணிகளின் இலக்கணத்தை விரித்துரைக்கிறது. வாங்குபவர் ஏமாறாதிருக்கக் கல்லைப் பற்றிய அறிவு தேவை என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது.

இலக்கியம் கூறுவதை மண்ணும் உறுதிசெய்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய தொழிற்கூடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. படிகம், பெரில், சூதுபவளம் ஆகியவற்றோடு நீலக்கல்லும் அங்குக் கிடைத்தது. பதிற்றுப்பத்து குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என ஆய்வாளர் கருதுவர்.

தெரிந்து தெளிவோம்

நீலமும் மாணிக்கமும் கொரண்டம் என்னும் ஒரே கனிமத்தின் இரு வடிவங்கள். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் வழங்கும் கொரண்டம் என்னும் சொல், குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றது என அகராதிகள் குறிப்பிடுகின்றன. வடமொழியில் வழங்கும் குருவிந்தம் என்பதும் இதனோடு தொடர்புடைய சொல்லே. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தம் இன்றும் காணப்படுகிறது.

ஒரே கனிமம், பல நிறம்

குருந்தம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் இணைந்த சேர்மம். அலுமினியமும் ஆக்சிஜனும் பூமியின் மேலோட்டில் மிகுந்து கிடைப்பவை. ஆயினும் ஒளி ஊடுருவும் குருந்தப் படிகம் அரியது. காரணம் எளிது. பாறைகளில் மிகுந்துள்ள சிலிக்கா, அலுமினியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வேறு கனிமங்களாக மாற்றிவிடும். சிலிக்கா குறைந்தும் அலுமினியம் மிகுந்தும் உள்ள இடத்தில், உயர்ந்த வெப்பமும் அழுத்தமும் கூடினால்தான் குருந்தம் விளையும்.

கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குருந்தம் 9 என்னும் இடத்தைப் பெறுகிறது. அவ்வளவுகோலில் 10 என்னும் இடத்திலுள்ள வைரமே அதனை விஞ்சியது. நீரைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி கொண்டமையால், உருவில் சிறியதாயினும் கையில் கனத்துத் தோன்றும்.

தூய குருந்தத்திற்கு நிறம் இல்லை. அதனுள் கலந்துள்ள சிறுசிறு வேற்றுப்பொருள்களே நிறம் தருகின்றன. குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பு மட்டும் கலந்தால் மஞ்சள் நிறம் தோன்றலாம். அம்மஞ்சள் கல்லையே நகைக்கடைகளில் கனக புஷ்பராகம் என்பர். இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் குழைந்த அரிய வகைக்குப் பத்பராட்சா என்று பெயர். தாமரையின் நிறம் என்னும் பொருளில் இலங்கையில் தோன்றிய அப்பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது.

நீலநிறத்திற்கு இரண்டு பொருள்கள் கூட வேண்டும். அவை இரும்பும் டைட்டானியமும் ஆகும். படிகத்தினுள் இவ்விரண்டின் அணுக்கள் அருகருகே அமையும்போது, ஒளி பட்டவுடன் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்திற்குத் தாவுகிறது. அத்தாவலுக்கு வேண்டிய ஆற்றலை ஒளியின் மஞ்சள், சிவப்புப் பகுதிகளிலிருந்து அது எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய நீலம் நம் கண்ணை வந்தடைகிறது. நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த அளவில் கலந்துள்ள பொருள்கள் இவ்வளவு ஆழ்ந்த நிறத்தைத் தருகின்றன.

ஆகவே நீலமணியின் நிறம் கல்லின்மேல் பூசப்பட்டதன்று. எந்தப் பாறையில் பிறந்தது, எவ்வகைப் பொருள்கள் அருகில் இருந்தன, எவ்வளவு வெப்பத்தில் வளர்ந்தது என்பனவற்றின் பதிவு அது.

இல்லத்தில் உறையும் மணி

இலங்கையின் இரத்தினபுரி, பெயரிலேயே மணியைத் தாங்கிய நகரம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் பாறைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய காலத்தில் இப்பகுதியின் நீலமணிகள் உருவாயின. பின்னர் மலைகள் தேய்ந்தன. மழையும் ஆறும் பாறைகளைக் கரைத்தன. கடினமும் கனமும் மிக்க மணிகள் கரையாமல் எஞ்சி, பழைய ஆற்றுப்படுகைகளின் சரளையில் தங்கின. மணி பொதிந்த இச்சரளைப் படுகையை அங்குள்ளோர் இல்லம் என்று அழைக்கின்றனர். சிங்களத்தில் வழங்கும் அச்சொல் தமிழரின் செவிக்கு மணிகள் குடியிருக்கும் வீடு என ஒலிப்பது இனிய ஒற்றுமை.

இல்லத்தை அடையச் சதுரமான குழிகள் வெட்டப்படுகின்றன. மண் சரியாதிருக்க மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளிகளில் பெரணி இலைகளைத் திணிப்பர். ஊறும் நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். மேலே ஏற்றிய சரளையைப் பின்னிய கூடைகளில் இட்டு, நீருக்குள் சுழற்றி அலசுவர். மண்ணும் இலேசான கற்களும் வெளியேற, கனமானவை அடியில் தங்கும். பழகிய கண்ணுடையவர் அக்கூடையைச் சூரிய ஒளியில் சாய்த்துப் பார்ப்பார். பல நாள் உழைப்பின் பயன் அந்த ஒருகணப் பார்வையில் தெரியும். பெரும்பாலும் ஒன்றும் இராது. மணி கிடைத்தால், நிலத்தின் உரிமையாளர், உரிமம் பெற்றவர், நீரிறைக்கும் பொறியைத் தந்தவர், குழியில் இறங்கி உழைத்தவர் ஆகியோர் வருவாயைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம்.

இவ்வாறு கிடைத்த கற்கள் பேருவளை போன்ற ஊர்களின் மணிச்சந்தைக்கு வருகின்றன. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு இத்தொழிலில் சிறந்து விளங்குகின்றனர்.

கெவுடா கற்பித்த பாடம்

இரத்தினபுரியின் கூடைகளில் நீலமணியோடு மற்றொரு கல்லும் மிகுதியாகக் கிடைத்தது. அது பால்கலந்த நீர்போல் மங்கிய வெண்மை உடையது. கெவுடா என்று அதற்குப் பெயர். அதுவும் குருந்தமே, எனினும் நிறம் இன்மையால் நெடுங்காலம் மதிப்பின்றிக் கிடந்தது.

1970-களில் தாய்லாந்து வணிகர்கள் இக்கற்களைக் குறைந்த விலைக்கு மூட்டை மூட்டையாக வாங்கத் தொடங்கினர். வாங்கிய கற்களை உலையில் இட்டு, 1,500 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சூடேற்றினர். பால்வெண்மை மறைந்து, தெளிந்த நீலம் தோன்றியது.

இதன் காரணத்தை அறிவியல் தெளிவாக விளக்குகிறது. கெவுடாவில் டைட்டானியம் இல்லாமல் இல்லை. அது ரூட்டைல் என்னும் கனிமத்தின் மிக நுண்ணிய ஊசிகளாகப் படிகத்தினுள் பிரிந்து கிடந்தது. அவ்வூசிகளே ஒளியைச் சிதறடித்துக் கல்லை மங்கலாக்கின. உயர்ந்த வெப்பத்தில் ஊசிகள் கரைந்தன, டைட்டானியம் படிகத்தினுள் பரவி இரும்பை அடைந்தது, நீலம் பிறந்தது. மண்ணுக்குள் நிறைவுறாத ஒரு செயலை மனிதன் உலையில் நிறைவு செய்தான்.

உலையின் நுட்பம் அறியாத காலத்தில், குழியில் உழைத்தவர்கள் தம் கல்லின் உண்மையான மதிப்பைப் பெறவில்லை. பின்னர் இலங்கையரும் அந்நுட்பத்தைக் கற்றுத் தாமே கற்களைச் சூடேற்றத் தொடங்கினர். கல் ஒருவரிடமும் அறிவு மற்றொருவரிடமும் இருந்தால், பயன் அறிவுடையவரையே சேரும் என்பதைக் கெவுடா கற்பித்தது.

இன்று சந்தையிலுள்ள நீலமணிகளுள் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவையே. அந்நிறம் நிலையானது, பயன்பாட்டில் மங்குவதில்லை. வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் சூடேற்றுவது வணிக உலகம் ஏற்றுக்கொண்ட முறை. ஆனால் உலையின் உதவியின்றியே நல்ல நிறத்தோடு மண்ணிலிருந்து வந்த கல் மிக அரியது. அருமையால் அதன் விலை உயர்கிறது. எனவே சூடேற்றுவது குற்றமன்று. சூடேற்றியதை மறைத்து, சூடேற்றாத கல்லின் விலைக்கு விற்பதே குற்றம்.

எழுப்ப வேண்டிய வினாக்கள்

நீலக்கல் ஒன்றைக் காணும்போது நான்கு வினாக்களை வரிசையாக எழுப்ப வேண்டும். இது நீலமணிதானா? மண்ணில் விளைந்ததா? மனிதனின் பண்படுத்தலுக்கு உட்பட்டதா? எந்த நாட்டில் பிறந்தது? ஒரு வினாவிற்கு விடைதரும் சோதனை மற்றொன்றிற்கு விடை தராது. இதனை உணராமையே பல ஏமாற்றங்களுக்குக் காரணமாகிறது.

முதல் வினாவிற்கு விடை காண்பது எளிது. காற்றில் 4 காரட் எடையுள்ள நீலமணியை நீரில் மூழ்கவைத்து நிறுத்தால் ஏறத்தாழ 3 காரட் எடையே காட்டும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். கண்ணாடியும் நீல ஸ்பைனலும் அடர்த்தி குறைந்தவையாதலால் இச்சோதனையில் வேறுபடும். மேலும் நீலமணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஒரு திசையில் ஊதா கலந்த நீலமும் மறுதிசையில் பச்சை கலந்த நீலமும் தோன்றும். கண்ணாடியிலும் ஸ்பைனலிலும் இவ்விரு நிறத் தோற்றம் இராது.

இரண்டாம் வினா கடினமானது. பிரான்சு நாட்டு வேதியியலாளர் அகஸ்டு வெர்னெய், அலுமினிய ஆக்சைடுப் பொடியைத் தீச்சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் நீலமணியும் அம்முறையில் உருவாயிற்று. இச்செயற்கைக் கல் கண்ணாடி அன்று, அதுவும் குருந்தமே. அதன் கடினமும் அடர்த்தியும் இயற்கைக் கல்லினுடையவையே. ஆகவே எடைச்சோதனையில் அது தேறிவிடும். கல்லைப் பாலில் இட்டுப் பார்ப்பது போன்ற வழக்கமான முறைகளும் இங்குப் பயன்படா.

மூன்றாம் வினா அதனினும் நுட்பமானது. சூடேற்றுதல் ஒன்றே பண்படுத்தும் முறையன்று. டைட்டானியத்தைக் கல்லின் மேற்பரப்பில் வைத்து மிக உயர்ந்த வெப்பத்தில் உள்ளே ஊடுருவச் செய்வதுண்டு. அக்கல்லில் நீலம் தோலளவே இருக்கும். மீண்டும் பட்டை தீட்டினால் நிறம் போய்விடும். இதனினும் ஆழமாக ஊடுருவும் பெரிலியத்தைச் செலுத்தி நிறம் மாற்றப்பட்ட கற்கள் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் சந்தையில் பரவி வணிகரையே திகைக்கவைத்தன. விரிசல்களை ஈயக் கண்ணாடியால் நிரப்பும் முறையும் உண்டு. வெளியிலிருந்து பொருள் சேர்க்கும் இம்முறைகள் எளிய சூடேற்றலினின்றும் வேறானவை. அவற்றின் மதிப்பும் மிகக் குறைவு.

கல்லுக்குள் இருக்கும் சாட்சி

இவ்வினாக்களுக்கு விடை கல்லின் உள்ளேயே இருக்கிறது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையாலும், அதனினும் வலிய நுண்ணோக்கியாலும் நோக்கினால் நீலமணியின் உள்ளே ஓர் உலகம் தெரியும். பட்டுநூல்போல் மின்னும் ரூட்டைல் ஊசிகள், கைரேகையை ஒத்த நீர்த்துளிப் படலங்கள், வேறு கனிமங்களின் குறும்படிகங்கள், நிறம் மிகுந்தும் குறைந்தும் மாறிவரும் பட்டைகள் ஆகியவை அங்குக் காணப்படும். பழைய மணிநூலார் இவற்றைக் குற்றம் என்றனர். அழகு ஒன்றையே நோக்கினால் அது சரியே. உண்மையை நோக்கினால் இவையே சாட்சிகள்.

இயற்கைக் குருந்தம் அறுகோண வடிவில் தட்டையான முகங்களுடன் வளர்கிறது. ஆதலால் அதன் நிறப்பட்டைகள் நேர்கோடாக அமையும். திரும்பும் இடத்தில் கோணமாகத் திரும்பும். வெர்னெய் முறையில் கல், உருகிய துளிகள் படிந்து உருண்டையாக வளர்வதால் அதன் நிறக்கோடுகள் வளைந்து காணப்படும். இடையிடையே காற்றுக் குமிழிகளும் தென்படும். நேர்கோடு மண்ணையும், வளைகோடு ஆலையையும் காட்டிக்கொடுக்கின்றன.

ரூட்டைல் ஊசிகள் வெப்பத்தின் சாட்சிகள். அவை நீண்டு, முறியாமல், கூர்மையாக இருந்தால் கல் உயர்ந்த வெப்பத்தைக் காணவில்லை எனலாம். சூடேற்றிய கல்லில் அவை கரைந்து, புள்ளிகளாகச் சிதறிய வரிசைகளாகத் தோன்றும். உள்ளிருக்கும் குறும்படிகங்கள் வெப்பத்தில் உருகி விரிவதால், அவற்றைச் சுற்றி வட்டத்தகடு போன்ற விரிசல் உண்டாகும். இலங்கைக் கற்கள் சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு அடைபட்ட சிறு குழிகள் உள்ளன. உலையின் வெப்பத்தில் அவ்வளிமம் விரிந்து குழியைப் பிளந்துவிடும். அக்குழி சிதையாமல் இருப்பது, கல் உலையைக் காணவில்லை என்பதற்கு வலுவான சான்று.

இவ்வூசிகள் மூன்று திசைகளில் ஒழுங்காக அடர்ந்து, கல்லும் குவிந்த வடிவில் மெருகேற்றப்பட்டால், அதன்மேல் ஆறு கதிர் கொண்ட விண்மீன் ஒன்று ஒளிரும். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள 'இந்தியாவின் விண்மீன்' அத்தகையது. 563 காரட்டுக்கும் மேற்பட்ட அந்நீலமணி பெயரால் இந்தியாவினது, பிறப்பால் இலங்கையினது. களங்கமே அங்கு அழகாகவும் நிற்கிறது.

பிறந்த மண்ணின் அடையாளம்

நீலமணி விளையும் நிலங்களை இருவகையாகப் பிரிக்கலாம். உருமாறிய பாறைகளில் பிறந்தவை ஒருவகை. இலங்கை, மியான்மரின் மோகோக், காஷ்மீர், மடகாஸ்கர் ஆகிய இடங்களின் பெரும்பாலான கற்கள் இவ்வகையின. இவற்றில் இரும்பு குறைவு. ஆதலால் நிறம் தெளிவாகத் தோன்றும். எரிமலைக் குழம்பால் மேலே கொண்டுவரப்பட்டவை மற்றொரு வகை. ஆஸ்திரேலியா, தாய்லாந்து, கம்போடியாவின் பைலின் ஆகிய இடங்களின் கற்கள் இதனுள் அடங்கும். இவற்றில் இரும்பு மிகுதி. நிறம் பெரும்பாலும் கருமை கலந்திருக்கும்.

காஷ்மீர் நீலத்தின் வரலாறு சுருக்கமானது. 1881-ஐ ஒட்டிய காலத்தில், பாடர் பகுதியில் சும்ஜாம் என்னும் சிற்றூருக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் நிலச்சரிவு ஒன்று நீலக்கற்களை வெளிப்படுத்தியது. ஆண்டில் சில மாதங்களே பனி நீங்கும் அவ்விடத்தில் 1882 முதல் 1887 வரை பெரும்பகுதி மணிகள் அள்ளப்பட்டன. பின்னர் வளம் வற்றியது. அக்கற்களின் உள்ளே மிக நுண்ணிய துகள்கள் ஒளியை மெல்லச் சிதறச் செய்வதால், நீலம் மென்பட்டுத் துணிபோலக் குழைந்து தோன்றும். உலகம் போற்றும் அம்மென்மைக்குக் காரணம், மிகத் தூய கல்லில் இருக்க முடியாத ஒரு நுண்களங்கமே.

பிறப்பிடத்தைக் கண்ணால் மட்டும் துணிதல் இயலாது. இலங்கை, மடகாஸ்கர், தென்னிந்தியா ஆகியவை பழைய காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தவை. மடகாஸ்கரின் இலாகாகாவில் 1998-இல் பெருமளவில் கண்டறியப்பட்ட நீலமணிகள் இலங்கைக் கற்களைப் பெரிதும் ஒத்திருந்தமைக்கு இதுவே காரணம். இரும்பு, மக்னீசியம், காலியம், வனேடியம் ஆகியவற்றின் மிகச்சிறிய அளவுகளைக் கருவிகளால் அளந்து, உள்ளிருக்கும் குறும்படிகங்களோடு ஒப்பிட்டு, ஆய்வாளர் பிறப்பிடத்தைக் கணிக்கின்றனர். ஆயினும் அது தேர்ந்த கருத்தே அன்றி, ஐயமற்ற முடிவு அன்று என ஆய்வகங்களே தெரிவிக்கின்றன.

ஊரின் பெயர் மட்டும் கல்லின் தரத்தை உறுதிசெய்யாது. இரத்தினபுரியிலும் மங்கிய கல் உண்டு; புகழ்பெறாத மண்ணிலும் சிறந்த கல் உண்டு.

தேர்ந்தெடுக்கும் முறை

நிறத்தைக் காண ஏற்றது பகலொளி. கடைகளின் வலிய விளக்கொளி எந்தக் கல்லையும் மின்னச் செய்யும். மஞ்சள் விளக்கு சில நீலங்களைச் சாம்பல் நிறமாக்கும். ஆதலால் நிழலான இடத்துப் பகலொளியிலும் வீட்டு விளக்கிலும் கல்லைப் பார்க்க வேண்டும். நீலமா, ஊதாச் சாயலா, பச்சைச் சாயலா என்பதும், மிக வெளிறியதா, மிகக் கருத்ததா என்பதும், நிறம் செறிவுடையதா, மங்கியதா என்பதும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் நிறம் எங்குத் தங்கியுள்ளது என்பது புலப்படும். பட்டை தீட்டும் கைவினைஞர்கள், சிறிதளவே நீலமுள்ள கல்லில் அந்நிறப்பகுதியை அடிமுனையில் நிறுத்துவர். முன்புறமிருந்து நோக்கும்போது கல் முழுதும் நீலமாகத் தோன்றும். இது ஏமாற்று வேலையன்று. இயற்கை தந்த சிறு நிறத்தைக் கல்லெங்கும் பரப்பும் கலைத்திறன். எனினும் வாங்குபவர் அதனை அறிந்து வாங்க வேண்டும்.

நகையில் பதித்த கல்லைவிடத் தனிக்கல்லை ஆராய்வது எளிது. பின்புறம் மூடிய நகையில் கல்லின் அடிப்பகுதி தெரியாது. இயற்கைக் கல்லை மேலேயும் செயற்கைக் கல்லைக் கீழேயும் ஒட்டிய கற்கள் அவ்வாறே மறைந்துவிடும். தனிக்கல்லை நீரில் இட்டுப் பக்கவாட்டில் நோக்கினால் ஒட்டிய கோடு தெரியக்கூடும்.

பெரிய தொகை தரும்போது ஆய்வகச் சான்று இன்றியமையாதது. அமெரிக்க மணியியல் நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் குபெலின் ஆய்வகமும் உலகளவில் அறியப்பட்டவை. இந்தியாவில் ஜெய்ப்பூர் முதலிய நகரங்களில் மணி ஆய்வகங்கள் இயங்குகின்றன. சான்றிதழைப் பெறுவதோடு அதன் சொற்களையும் படித்துணர வேண்டும். இயற்கையான நீலமணி என்னும் தொடர், கல் மண்ணில் விளைந்தது என்பதை மட்டுமே கூறும். சூடேற்றப்படவில்லை என்று கூறாது. 'சூடேற்றியதற்கான அறிகுறிகள் காணப்படவில்லை' என்னும் தொடரே பண்படுத்தாத கல்லைக் குறிக்கும். குறைந்த வெப்பத்தில் சூடேற்றியதைக் கண்டறிவது கடினமாதலால், ஆய்வாளர் இவ்வாறு அளந்தே பேசுகின்றனர். சான்றிதழில் உள்ள எடையும் அளவுகளும் கையிலுள்ள கல்லோடு ஒத்துள்ளனவா எனச் சரிபார்ப்பதும் கடமையாகும்.

அணியாகவோ நம்பிக்கையாலோ நீலக்கல்லை நாடுவோர் பலர். நடுத்தரக் குடும்பத்தார் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு வாங்குவதும் உண்டு. நோக்கம் எதுவாயினும், தாம் பெறுவது எது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதனை ஒளியாது உரைக்கும் கடமை விற்பவருக்கு உண்டு.

குற்றமும் குணமும்

உள்ளே ஒரு புள்ளியுமின்றி, ஒரே சீரான ஆழ்ந்த நிறத்தோடு, பெரியதாகவும் மலிவாகவும் கிடைக்கும் நீலக்கல் மனத்தைக் கவரலாம். முதலில் ஐயுறத்தக்கதும் அதுவே. மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பொருள் தன் பயணத்தின் சுவடுகளைத் தாங்கியே வரும். எல்லாக் களங்கமும் நன்று என்பது இதன் பொருளன்று. மேற்பரப்பை எட்டும் விரிசல் கல்லைப் பலவீனமாக்கும். அடர்ந்த மங்கல் அழகைக் கெடுக்கும். எது வாழ்வின் சுவடு, எது சிதைவின் அடையாளம் எனப் பகுத்தறிவதே மணியறிவு.

முன்னோர் மணியின் குற்றங்களைப் பெயரிட்டு வகுத்தனர். நுண்ணோக்கி கொண்ட இக்காலத்தார் அவற்றுள் சிலவற்றைச் சான்றாகப் படிக்கின்றனர். இரண்டும் ஒரே அறத்தின் இருநிலைகள். கண்ணைக் கவர்வதை உடனே நம்பிவிடாமல், ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பதே அவ்வறம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மணி வணிகம் அல்லது நகைத்தொழில் செய்வோரைச் சந்தித்து, அத்தொழிலில் வழங்கும் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.
2. 'விற்பவரின் கடமையும் வாங்குபவரின் விழிப்பும்' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. தூய குருந்தம் நீலநிறம் பெறுவது எவ்வாறு?
2. கெவுடா பால்வெண்மையாகத் தோன்றக் காரணம் யாது?

சிறுவினா
1. இயற்கைக் கல்லின் நிறப்பட்டையும் செயற்கைக் கல்லின் நிறக்கோடும் வேறுபடுவதற்கான காரணத்தை விளக்குக.
2. எடைச்சோதனை எவ்வினாவிற்கு விடை தரும்? எவ்வினாவிற்கு விடை தராது? காரணம் தருக.

நெடுவினா
1. 'நீலமணியில் களங்கமே சான்று' என்னும் கருத்தைப் பாடப்பொருள் கொண்டு நிறுவுக.